ஃபுல் மாரத்தான் 4:27 – ப்ளான் கேக்குறதுக்கு முன்னாடி ஃபெரிட்டின் பாருங்க

ரிசல்ட் வந்தாச்சு. ஃபுல் 4:27. முதல் பாதி 2:14, ரெண்டாவது பாதி 2:13. நாலரைக்குள்ள முடிக்கணும்னுதான் இந்த சீசனையே ஆரம்பிச்சேன், முடிச்சுட்டேன், அதனால இனிமே கொஞ்ச நாளைக்கு "எல்லாம் மனசுல இருக்கு"ன்னு யாரும் எனக்கு பாடம் எடுக்க வராதீங்க.

"அக்கா ப்ளான் அனுப்புங்க"ன்னு நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க. ப்ளான்ல ஒரு ரகசியமும் இல்லப்பா. வாரத்துல நாலு நாள் ஓட்டம், அதுல ஒண்ணு லாங் ரன், ஒண்ணு டெம்போ (கொஞ்சம் கஷ்டமான வேகத்துல விடாம ஓடுறது), மீதி ஈஸி, ரெண்டு நாள் ஸ்ட்ரெங்த், கடைசி மூணு வாரம் டேப்பர், அதாவது ரேஸுக்கு முன்னாடி ஓட்டத்த குறைச்சுக்கறது. எங்க தேடினாலும் இதுதான் கெடைக்கும். ஷூ, வாட்ச் பத்தியெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க, எனக்கு அதுல ஆர்வமும் இல்ல. என் சீசனை மாத்துனது ஒரே ஒரு ரத்த டெஸ்ட், ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்சிருக்குற இரும்பு எவ்ளோன்னு காட்டும்), அத பத்திதான் இங்க பேசப் போறேன், போர் அடிச்சா கடைசில இருக்குற லிஸ்ட்டுக்கு போயிருங்க.

போன சீசன்ல ஹாஃப் மாரத்தான் 2:09 ஓடியிருந்தேன். ஒரு தூரத்துல ஓடுன நேரத்த வச்சு இன்னொரு தூரத்துக்கு எவ்ளோ ஆகும்னு கணிக்க ரீகல் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு, தூரம் ரெண்டு மடங்கானா நேரத்த ரெண்டால இல்ல, சுமார் 2.085-ஆல பெருக்கணும், அப்படி போட்டா ஃபுல் 4:29 வருது. (வாரத்துக்கு ஓடுற கிலோமீட்டர் கம்மியா இருந்தா இந்த கணக்க நம்பாதீங்க, அது ரொம்ப தாராள மனசுக்காரன்.) சரி, கணக்குப்படி கைக்கு எட்டுற தூரம்தானேன்னு போன வருஷத்த விட கூடுதலாவே ஓட ஆரம்பிச்சேன். சீசனோட முதல் 10கே 64 நிமிஷம், அதுக்கு முந்தின வருஷம் 57. அப்புறம் ஹாஃப் 2:26. அதிகமா ஓடி ஸ்லோவா ஆனவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்னு நெனச்சேன், அப்புறம் விசாரிச்சா ஏகப்பட்ட பேரு இருக்காங்க, அதுல முக்காவாசி பொண்ணுங்க.

அப்ப என்னென்ன இருந்துச்சுன்னா, கிலோமீட்டருக்கு 7:15 போற ஈஸி ரன்ல எனக்கு ஹார்ட் ரேட் 140 பக்கம் நிக்கும், அது 158-க்கு போயிருச்சு. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. முடி கொட்டுது. ராத்திரி படுத்தா கால சும்மா வச்சிருக்க முடியாது, ஆட்டிட்டே இருக்கணும். இதுக்கெல்லாம் மேல ஐஸ். ஃப்ரீசர்ல இருந்து ஐஸ் கட்டி எடுத்து கடிச்சு தின்னாத்தான் தூக்கமே வரும்ங்கற நெலம. ட்ரேய முறுக்குனா கட்டி விழுற சத்தத்துல வீட்ல யாராச்சும் எழுந்துருவாங்கன்னு கீழ ஒரு துண்ட விரிச்சு அது மேல கொட்டி, காலி ட்ரேல தண்ணி ரொப்பி திரும்ப உள்ள வச்சுட்டு வந்து இருட்டுல உக்காந்து மென்னுட்டு இருப்பேன். இதுக்கு மருத்துவத்துல பேரே இருக்கு, இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு வர்ற ஒரு அறிகுறி இது, ஆனா எனக்கு யாரும் சொல்லல, நானும் ஏதோ வெயிலுக்கு வர்ற ஆசைன்னு நெனச்சேன்.

டாக்டர்கிட்ட போனேன். ஹீமோகுளோபின் 12.4. உலக சுகாதார நிறுவனம் பெண்களுக்கு வச்சிருக்குற எல்லை 12, அதுக்கு கீழ போனாத்தான் ரத்தசோகை. ரிப்போர்ட்ட ஒரு நிமிஷம் கூட பாத்திருக்க மாட்டாரு, "எல்லாம் நார்மல், ஓட்டத்த குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க". ரன்னிங் க்ரூப்ல இருந்த சீனியர் ஒருத்தரு அதுக்கும் மேல, "உனக்கு ரேஸ் பயம்மா, மனச தேத்திக்கோ"ன்னாரு. ஹார்ட் ரேட் 158-க்கு மனச தேத்துறது எப்படின்னு அவருதான் சொல்லணும்.

கடைசில என் கூட வேலை பாக்குற ஒரு பொண்ணுதான் (அவ ஓடவே மாட்டா!) ஐஸ் கதைய கேட்டுட்டு "ஃபெரிட்டின் பாத்தியா?"ன்னு கேட்டா. சாதாரண ரத்த எண்ணிக்கை டெஸ்ட்ல ஃபெரிட்டின் வராது, தனியா கேட்டு எடுக்கணும். எடுத்தேன். 9. பெரியவங்களுக்கு 15-க்கு கீழ போனாலே இரும்புச்சத்து குறைபாடுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, ஓடுறவங்கள பாக்குற ஸ்போர்ட்ஸ் டாக்டருங்க நெறைய பேரு 30, 35-க்கு கீழ இருந்தாலே கவனிக்க சொல்றாங்க. நான் 9 வச்சுக்கிட்டு டெம்போ ஓடிட்டு இருந்திருக்கேன்.

ஹீமோகுளோபின் கைல இருக்குற காசு, ஃபெரிட்டின் பேங்க்ல இருக்குற சேமிப்பு. சேமிப்பு தொடச்சு எடுக்குற வரைக்கும் கைல காசு இருக்குற மாதிரியேதான் தெரியும், அதனாலதான் "நார்மல்"னு ரிப்போர்ட் வந்தும் உடம்பு ஓட மாட்டேங்குது. ஓடுறவங்களுக்கு இது எங்க போகுதுன்னா, பாதம் தரையில அடிக்கிற அடியில கொஞ்சம் சிவப்பணு உடையுது, வேர்வையில கொஞ்சம், குடல்ல கொஞ்சம். இது போக ஓடி முடிச்ச பிறகு ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் ஏறும், ஓட்டம் முடிஞ்சு 3-லருந்து 6 மணி நேரத்துல அது உச்சத்துக்கு போகும், அந்த நேரத்துல குடல் இரும்ப உள்ள விடாது. பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சில்லறை, பெரிய செலவு பீரியட்ஸ்தான். பேட ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்துற மாதிரி இருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல போனாலோ, பெரிய பெரிய கட்டியா வந்தாலோ அது "எல்லாருக்கும் அப்படித்தான்" கெடையாது. எனக்கு எங்க வீட்ல எல்லாருக்குமே அப்படித்தான், அதனால அது அதிகம்னே தெரியல. இரும்பு மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு அத கவனிக்காம விட்டா ஓட்ட பானையில தண்ணி ஊத்துன கததான், அதனால மகப்பேறு டாக்டரையும் பாருங்க. இன்னொரு பக்கம் பீரியட்ஸ் நின்னே போச்சுன்னா "அப்பாடா"ன்னு இருக்காதீங்க, ஓடுற அளவுக்கு சாப்பிடலன்னு அர்த்தமா இருக்கலாம், எலும்பு முறியுற வரைக்கும் போகும் அது.

மாத்திரை எப்படி எடுத்தேன் (எனக்கு டாக்டர் சொன்னது, உங்களுக்கு உங்க டாக்டர்):

- தினமும் இல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள். இரும்புச்சத்து குறைஞ்ச பெண்கள வச்சு 2017-ல வந்த ஆய்வுல இப்படி எடுத்தா ஒவ்வொரு மாத்திரையிலயும் கூடுதலா உள்ள போகுதுன்னு வந்துச்சு. வயித்துக்கும் நல்லது.
- காலைல, ஓடி வந்த உடனே. ஹெப்சிடின் ஏறுறதுக்கு முன்னாடி.
- கூட வைட்டமின் சி. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அந்த நேரத்துல கிட்டயே வரக்கூடாது. காலை காபிய தள்ளிப் போட்டதுதான் இந்த சீசன்லயே கஷ்டமான ட்ரெய்னிங்.
- மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. மலச்சிக்கல் வரும், தண்ணி குடிங்க.
- டெஸ்ட் எடுக்காம நீங்களா வாங்கி முழுங்காதீங்க. இரும்பு சேர்ந்தா வெளிய தள்ள உடம்புக்கு வழி கெடையாது, சிலருக்கு பரம்பரையாவே இரும்பு தேங்குற நோய் உண்டு. சின்ன பசங்க கைக்கு எட்டாம வைங்க, அவங்களுக்கு அது விஷம்.

முதல்ல போனது ஐஸ் ஆசை, ஹார்ட் ரேட் எறங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே. ரெண்டு வாரத்துல ஃப்ரீசர் பக்கமே போகல. ஓட்டம் அவ்ளோ சீக்கிரம் மாறல. அந்த மாசமெல்லாம் டெம்போவ தூக்கிட்டு வெறும் ஈஸி மட்டும் ஓடுனேன், அதுவும் தனியா. க்ரூப்ல ஓடுனா பக்கத்துல இருக்குறவங்க பேஸுக்கு கால் தானா போயிரும், எனக்கு ஒத்தே வராது. முழு வாக்கியம் பேச முடியுற வேகத்துல ஓடுங்கன்னு சொல்வாங்கல்ல, நான் எனக்கு நானே பேசிட்டு ஓடுவேன், எதிர்ல வர்றவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும். மூணு மாசம் கழிச்சு ஃபெரிட்டின் 38, ஈஸி ரன்ல ஹார்ட் ரேட் 142. அதுக்கப்புறம்தான் ஃபுல்லுக்கே பேரு குடுத்தேன்.

ரேஸ் அன்னைக்கு பெருசா ஒண்ணும் இல்ல, சுருக்கமா:

- முதல் 5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 6:30. எல்லாரும் தாண்டிப் போவாங்க. போகட்டும், அதுல பாதி பேர 32-வது கிலோமீட்டருக்கு மேல நடக்கும்போது பாப்பீங்க.
- மணிக்கு 30-லருந்து 60 கிராம் கார்போ (மாவுச்சத்து, சர்க்கரை). ஓடும்போது சாப்பிடுற என் எனர்ஜி ஜெல்லுல 25 கிராம், முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, பசிக்குதோ இல்லையோ. லாங் ரன்ல பழகாத ஜெல்ல தொடாதீங்க.
- எல்லா ஸ்டேஷன்லயும் தண்ணி குடிக்கணும்னு இல்ல. மெதுவா ஓடுறவங்கதான் அளவுக்கு மீறி குடிச்சு சோடியம் எறங்கி விழுறாங்க. தாகம் எடுத்தா குடிங்க.
- 30-லருந்து 35-வது கிலோமீட்டர் வரைக்கும் வாட்ச்ச பாக்காதீங்க. நான் சட்டைக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

வேகமா ஓடுறவங்களுக்கு இதெல்லாம் ரொம்ப பயந்த மாதிரி தெரியும். 3:30-க்கு ஓடுறவங்க வேற யாரையாச்சும் கேளுங்க, நான் அந்த ஊர்க்காரி இல்ல.

இன்னொண்ணு, ரெண்டு பேரு கேட்டாங்க, இரும்பு மாத்திரைய போட்டாலே வேகம் வருமான்னு. ஃபெரிட்டின் போதுமான அளவு இருக்குறவங்களுக்கு வராது. எனக்கு வந்தது புது வேகம் இல்ல, தொலஞ்சு போன பழைய வேகம். ஆம்பளைங்களும் பாருங்க, தூரம் அதிகமா ஓடுறவங்க, கறி மீன் தொடாதவங்க, அடிக்கடி ரத்த தானம் பண்றவங்க மூணு பேரும் முக்கியமா.

டெஸ்ட் குடுக்குறப்ப ஒண்ணு பாத்துக்கோங்க, ரேஸ் முடிஞ்ச கையோட குடுக்காதீங்க, காய்ச்சல் சளி இருக்கறப்பவும் வேண்டாம். உடம்புல அழற்சி இருந்தா ஃபெரிட்டின் சும்மாவே ஏறி நல்லா இருக்குற மாதிரி காட்டும். நானே இப்ப கால் நகம் ரெண்டு கறுத்துப்போய் படிக்கட்டுல பின்பக்கமா எறங்கிட்டு இருக்கேன், அடுத்த மாசம்தான் குடுக்கணும், நம்பர் வந்ததும் கீழ சேர்க்கறேன்.