பேஸ் கிட்டாரில் ப–ஸ–ப–ஸ: ஐந்து கட்டைக்குச் சேர்த்து வாசித்த அனுபவம்

பேஸ் கிட்டாரின் தந்திகளை வழக்கமான ஈ–ஏ–டி–ஜி முறையில் வைக்காமல், பாடுபவரின் ஆதார சுருதிக்கு ஏற்பச் சேர்த்து வாசிக்க முடியுமா என்று சில காலமாக முயன்று வருகிறேன். மதுரையில் எங்கள் தெருவில் கார்த்திகைதோறும் நடக்கும் பஜனையில் ஹார்மோனியம், தபலா, மின்னணுச் சுருதிப்பெட்டி ஆகியவற்றோடு என் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததுதான் இதற்குக் காரணம். முன்னின்று பாடும் அக்காவின் சுருதி ஐந்து கட்டை, அதாவது மேல்நாட்டுச் சுரப் பெயரில் ஜி. மெல்லிசைப் பாடல்களுக்கு வாசிக்கும்போது எழாத ஒரு தேவை அங்கே எழுந்தது. சுருதிப்பெட்டியில் ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றுக்கு அடியில் நின்று தாங்கும் ஆழமான நாதம் பேஸிலிருந்து வரவேண்டியிருந்தது.

1951-இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 34 அங்குலத் தந்தி நீளத்தோடும், நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் வாத்தியத்திலிருந்து எடுத்துக்கொண்ட நான்காம் சுர (ஸ–ம) இடைவெளிகளோடும் அமைந்தது. இன்றைய நான்கு தந்தி பேஸ்களில் பெரும்பாலானவை அந்த முறையையே பின்பற்றுகின்றன. தடித்த தந்தியிலிருந்து வரிசையாக 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். இந்த அமைப்பில் ஐந்து கட்டை ஸட்ஜம் தடித்த தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), மெல்லிய தந்தியில் திறந்த நிலையிலும், அதாவது விரலால் அழுத்தாமலும், கிடைக்கிறது. ஆனால் கீழ் ஸட்ஜத்துக்கும் கீழே உள்ள பஞ்சமம் கிடைப்பதில்லை, ஏனெனில் அந்த டி சுரம் ஈ தந்தியின் எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

ஆகவே முதலில் டிராப் டி முறையைக் கையாண்டேன். ஈ தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி 36.7 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் அந்தப் பஞ்சமம் திறந்த தந்தியிலேயே வந்துவிடுகிறது. ராக் இசை வாசிப்பவர்கள் கனமான ஓசைக்காக இதைப் பயன்படுத்துவார்கள். பஜனைக்கு அது வேறு பயனைத் தந்தது. பாடல் முடிந்து நாமாவளி தொடங்கும் இடைவெளியில் அந்தக் கீழ்ப் பஞ்சமத்தை மெதுவாக மீட்டி ஸட்ஜத்துக்கு ஏறினால், பாடுபவருக்கு அடுத்த பாடலின் ஆதாரம் தெளிவாகக் காதில் விழுகிறது. இடையில் ரெட் மிட்செல் என்ற ஜாஸ் கலைஞர் 1966 முதல் டபுள் பேஸில் கையாண்ட ஐந்தாம் சுர (ஸ–ப) முறையான சி–ஜி–டி–ஏ அமைப்பையும் எண்ணிப் பார்த்தேன். ஜி தந்தியை ஏ வரை ஏற்றினால் இழுவிசை கால் பங்குக்கும் மேல் கூடிவிடும் என்பதால், வேறு தந்தித் தொகுப்பு இல்லாமல் அதைச் செய்வது சரியல்ல என்று விட்டுவிட்டேன்.

திருப்புமுனையாக அமைந்தது பெரியம்மாவின் வீணை. அதில் சாரணி என்னும் முதல் தந்தி ஸட்ஜம், அடுத்தது பஞ்சமம், அதற்கடுத்த மந்தரம் கீழ் ஸட்ஜம், அனுமந்தரம் கீழ்ப் பஞ்சமம். தடித்த தந்தியிலிருந்து படித்தால் ப–ஸ–ப–ஸ. டிராப் டி-யில் வைத்திருந்த என் பேஸில் ஏ தந்தியை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கி 49 ஹெர்ட்ஸ் ஜி ஆக்கினால் டி–ஜி–டி–ஜி என்று ஆகிறது. ஐந்து கட்டைக்கு அது அப்படியே ப–ஸ–ப–ஸ. எந்தத் தந்தியையும் ஏற்றத் தேவையில்லை. மெல்லிய தந்திகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளின் உறவு ஒரு மேல்நாட்டு வாத்தியத்தில் இவ்வளவு எளிதாக அமைந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

தந்தி தளர்வதுதான் இதில் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல். இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரு முழுச் சுரம் இறக்கினாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை குறைந்துவிடுகிறது. தளர்ந்த தந்தியைச் சற்று அழுத்தி மீட்டினால் சுரம் தொடக்கத்தில் ஏறி, பிறகு இறங்கி நிலைகொள்கிறது. சுருதிப்பெட்டியோடு வாசிக்கையில் இந்த ஏற்றம் காதுக்கு உடனே தெரியும். தந்தியின் எடை தடிமனின் இருமடியோடு ஏறக்குறைய ஒத்துப் போவதால், தடிமனை எட்டில் ஒரு பங்கு கூட்டினால் பழைய இறுக்கம் திரும்பும் என்று கணக்கிட்டு, 105 அளவுத் தந்திக்குப் பதில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) 115-உம், 85-க்குப் பதில் 95-உம் மாட்டினேன். கடையில் தொகுப்பாக மட்டுமே கிடைத்ததால் இவ்விரண்டையும் தனித்தனியாக வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டில் உள்ள பள்ளங்களை மெல்லிய அரத்தால் மிகக் கவனமாக அகலப்படுத்த வேண்டும். ஆழம் கூடிவிட்டால் திறந்த தந்தி முதல் ஃபிரெட்டில் உரசும். பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்ஸையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும்போது எழும் மேல் நாதம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறியிருந்த இரு தந்திகளின் சேடிலையும் (உடல் பக்கத்தில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டு) பின்னுக்குத் தள்ளினேன். மொத்த இழுவிசை ஏறக்குறைய பழைய அளவிலேயே இருந்ததால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான டிரஸ் ராடைத் தொடவே தேவைப்படவில்லை.

இனி விரல்களின் செய்தி. இந்த அமைப்பில் என்னை மிகவும் ஈர்த்தது இதுவே. வழக்கமான முறையில் மேல் ஸ்தாயியை எடுக்க இரண்டு தந்திகள் தாண்டி இரண்டு ஃபிரெட்டும் ஏற வேண்டும். இங்கே இரண்டு தந்திகள் தாண்டினால் அதே ஃபிரெட்டில் மேல் ஸ்தாயி இருக்கிறது. அதைவிடப் பெரிய வசதி ராகங்களின் அமைப்பில் தெரிகிறது. கீழ் ஜி தந்தியில் ஸ, ரி, க, ம. அடுத்த டி தந்தியில் ப, த, நி, மேல் ஸ. பூர்வாங்கம் ஒரு தந்தியிலும் உத்தராங்கம் அடுத்த தந்தியிலும் பிரிந்து அமர்கின்றன. சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளையை எடுத்துக்கொண்டால், திறந்த தந்திக்குப் பின் 1, 4, 5 ஆகிய ஃபிரெட்டுகளில் முதல் பாதியும், அடுத்த தந்தியில் அதே 1, 4, 5-இல் மறுபாதியும் வருகின்றன. சங்கராபரணத்தில் 2, 4, 5. கரகரப்பிரியாவில் 2, 3, 5. தோடியில் 1, 3, 5 என்று இரு பாதிகளும் ஒத்திருக்கின்றன. அரிகாம்போதியில் முதல் தந்தியில் 2, 4, 5 என்றும் அடுத்ததில் 2, 3, 5 என்றும் மாறுகிறது. கல்யாணியில் முதல் பாதி மட்டும் 2, 4, 6 ஆகிறது. இரு பாதிகளின் ஒற்றுமையும் வேற்றுமையும் இப்போது கையிலேயே பதிந்துவிட்டதால், அக்கா ராகத்தின் பெயரைச் சொன்ன உடனே எந்த ஃபிரெட்டுகளைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது.

தந்திகளைச் சுருதி சேர்க்க ட்யூனரைவிட ஹார்மோனிக்ஸே எனக்குப் பிடித்திருக்கிறது. டி-யிலிருந்து ஜி-க்கு உள்ள நான்காம் சுர இடைவெளியில், கீழ்த் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட் ஹார்மோனிக்ஸும் மேல் தந்தியின் ஏழாம் ஃபிரெட் ஹார்மோனிக்ஸும் ஒன்றாக வேண்டும். கீழ் ஜி-யிலிருந்து டி-க்கு உள்ள ஐந்தாம் சுர இடைவெளியில், ஜி-யின் ஏழாம் ஃபிரெட்டும் டி-யின் பன்னிரண்டாம் ஃபிரெட்டும் ஒன்றாக வேண்டும். இரண்டுக்கும் இடையே எழும் அலைவு மெதுவாகி நின்றுவிட்டால் சுருதி சேர்ந்தது. இவ்வாறு சேரும் பஞ்சமம் 702 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஃபிரெட் தரும் பஞ்சமம் 700 சென்ட். இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது அல்ல. நான்காம் ஃபிரெட்டில் வரும் க-வான அந்தர காந்தாரத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஃபிரெட்டில் அது 400 சென்ட். ஸட்ஜ நாதத்துக்குள்ளிருந்து தானே எழும் சுயம்பு காந்தாரமோ 386 சென்ட். பேஸில் அந்தக் காந்தாரத்தை நீட்டி நிறுத்தினால் பாடுபவரின் காந்தாரத்தோடு உராய்கிறது. ஆகவே அதைத் தொட்டுவிட்டு மத்தியமத்துக்கு நகர்ந்துவிடுகிறேன். நிறுத்தவேண்டிய இடங்களில் ஜி தந்தியின் நான்காம் ஃபிரெட்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் முன்னே நட்டுப் பக்கமாக விரலை வைத்து ஹார்மோனிக்ஸாக எடுக்கிறேன். அது இரண்டு ஸ்தாயி மேலே ஒலித்தாலும் சுருதியோடு முழுமையாகக் கலக்கிறது. அண்மையில் ஒரு பஜனை முடிந்ததும் அக்கா, “தம்பி, இப்பத்தான்யா நீ வாசிக்கிறது சுருதியோட ஒட்டி நிக்கிது” என்று சொன்னது இந்த ஹார்மோனிக்ஸ் காந்தாரத்தைக் கேட்டுத்தான்.

எல்லாப் பாடல்களுக்கும் இது பொருந்தாது. கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், அடிக்கடி மாறும் திரைப் பாடல்களில், திறந்த டி-யும் ஜி-யும் வேண்டாத இடத்தில் அதிர்ந்து கலங்கலை உண்டாக்குகின்றன. அவற்றுக்கு ஈ–ஏ–டி–ஜி முறையே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். பஞ்சமம் இல்லாத இந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற ராகங்களில் சிக்கல் வேறு விதமானது. தம்புராவில் அத்தகைய ராகங்களுக்குப் பஞ்சமத் தந்தியை மத்தியமத்துக்கு (ம) மாற்றிச் சேர்ப்பது உண்டு. பேஸிலும் அதையே செய்தால் சி–ஜி–சி–ஜி ஆகிறது. மேல் டி தந்தி சி-க்கு இறங்குவதில் இடரில்லை. தடித்த தந்தி 32.7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது 115 அளவும் தொய்கிறது. இப்போதைக்கு அந்தத் தந்தியை டி-யிலேயே விட்டு, வலது கைக் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அடக்கியபடி மற்ற மூன்றில் வாசிக்கிறேன்.

சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் வாசிப்பவர்களுக்கு ஒன்று: வெயில் தாழ்ந்த பிறகும் தளத்தின் சூடு இருக்கும், எஃகுத் தந்தி விரிந்து சுருதி இறங்கும். வாத்தியத்தை வெளியே வைத்துக் கால் மணி நேரமாவது கழித்தே சேர்க்க வேண்டும். என் பயிற்சி ஆம்பின் சிறிய ஸ்பீக்கரில் 36.7 ஹெர்ட்ஸ் அடிப்படை நாதம் அரிதாகவே வெளிப்படுகிறது. மேலெழும் ஹார்மோனிக்ஸைக் கொண்டே காது அதை உணர்ந்துகொள்கிறது. அதனால் பேஸ் குமிழைத் திருகி ஏற்றுவதைவிட நடு அலைகளைச் சிறிது கூட்டுவது பயன் தருகிறது.

அடுத்து, ஐந்து தந்தி பேஸுக்கு உரிய 130 அளவுத் தந்தி ஒன்றை வாங்கி, அதைச் சி-க்கு ஏற்றி, இந்தோளத்துக்கான சி–ஜி–சி–ஜி அமைப்பை முழுமையாகச் செய்து பார்க்கவிருக்கிறேன். அது 30.9 ஹெர்ட்ஸ் பி-க்காகச் செய்த தந்தி என்பதால் ஓர் அரைச் சுரம் ஏற்றும்போது இழுவிசை எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும்; கழுத்து அதைத் தாங்கும் என்றே எண்ணுகிறேன், ஆனால் இந்த முறை டிரஸ் ராடைச் சிறிது திருக நேரலாம். நட்டில் அந்தத் தடிமனுக்குப் பள்ளம் வெட்டினால் 115 தந்தி அதில் தளர்ந்து நிற்கும் என்பதால், முதலில் தனியாக ஒரு நட்டு வாங்கி அதில்தான் அரம் போடப்போகிறேன்.