நிரந்தரமாகப் போன லிங்க்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காக, நீண்ட இணைய முகவரியைக் குட்டியாக்கித் தரும் ஒரு லிங்க் சுருக்கி செய்தோம். புது மாடல்கள், கூலி விவரம் அடங்கிய பட்டியலை வாராவாரம் வெளியூர்க் கடைக்காரர்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவார். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். அதிலும் எழுத்தோடு ஒட்டும் உயிர்க்குறிக்குத் தனிக் கணக்கு. கொலுசு என்கிற மூன்றெழுத்து ஆறு இடத்தைத் தின்றுவிடும். பட்டியலின் முழு முகவரியே எழுபதைத் தாண்டியது. வணக்கம் சொல்லக்கூட இடமில்லை.

எங்கள் சர்வரில் ஓடும் அப்பாச்சி மென்பொருளில் ரீரைட் விதி, அதாவது வரும் முகவரியை உள்ளுக்குள் மாற்றிக்கொள்ளும் விதி, எழுதும் வேலை எனக்கு வந்தது. டொமைனுக்குப் பின்னால் வரும் ஐந்தெழுத்துச் சுருக்கத்தை எடுத்து கோ.பிஎச்பி என்ற கோப்புக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குரிய முழு முகவரியை டேட்டாபேஸில் தேடித் திருப்பிவிடுவது அந்தக் கோப்பின் வேலை. முதல் அரை நாள் எதற்கும் 404, பக்கம் இல்லை என்றே பதில். அப்பாச்சி 2.4இல், ஃபோல்டருக்குள் நாம் எழுதிவைக்கும் விதிகளை மதிக்கச் சொல்லும் அலவ்ஓவர்ரைடு நாமாகத் திறந்துவிடாதவரை மூடியே இருக்கும். விதியை எழுதிவைத்த என் எச்டிஅக்சஸ் கோப்பை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைத் திறந்ததும் அடுத்த கூத்து. எந்தச் சுருக்கத்தைத் தட்டினாலும் டேட்டாபேஸில் 'கோ.பிஎச்பி' என்ற சுருக்கத்தைத் தேடியது. எச்டிஅக்சஸில், 'இதுவே கடைசி விதி' என்று சொல்லும் எல் கொடி போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியாது. மாற்றிய முகவரியை எடுத்துக்கொண்டு விதிகளை மறுபடி முதலிலிருந்து ஓட்டும். 'எது வந்தாலும் பிடி' என்று எழுதியிருந்ததால் இரண்டாம் சுற்றில் தன் கோப்புப் பெயரையே பிடித்துக்கொண்டது. ஐந்து எழுத்து அல்லது எண், நடுவில் புள்ளி கூடாது என்று இறுக்கிய பிறகு அடங்கியது.

இதெல்லாம் என் மேசையோடு போயிற்று. உண்மையான தவறு அந்த கோ.பிஎச்பிக்குள் இருந்தது. திருப்பிவிடுவது என்றால் 301 என்று கை தானாகப் போட்டுவிட்டது. இரண்டாவது வாரம் போன் வந்தது.

"தம்பி, எனக்குப் புதுப் பட்டியல் வருது. ஆத்தூர்க்காரருக்குப் போன வாரத்துதே வருதுங்கறாரு. ஒரே லிங்க்குதானே?"

ஒரே லிங்க்தான், அது போய்ச் சேரும் பட்டியல் மட்டும் வாராவாரம் மாறும். 301 என்பது கடை நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று மாட்டும் பலகை. ஒருமுறை படித்த பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நேரே போன வாரப் பட்டியலுக்கே போய்விடுகிறது, எங்கள் சர்வரைக் கேட்பதே இல்லை. நான் சோதித்ததெல்லாம் இன்காக்னிட்டோவில், மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் பிரவுசர் ஜன்னலில். எனக்கு எப்போதும் சரியாகவே வந்தது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கை குறைந்ததும் இதனால்தான். அதை நான் சந்தை மந்தம் என்று அவரிடமே விளக்கியிருந்தேன், அது வேறு.

உடனே 302, அதாவது தற்காலிக இடமாற்றம், ஆக மாற்றினேன். ஆனால் ஏற்கெனவே மனப்பாடம் செய்த போன்களை என்ன செய்வது? ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் கேஷை அழிக்கச் சொல்ல முடியுமா? பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அவங்க எல்லாரும் பழைய பட்டியல் முகவரிக்குத்தானே வந்து நிக்கறாங்க? அதுவும் நம்ம சர்வர்தானே? அங்கேயிருந்து ஒரு 302 போட்டு விடு."

ஒரே வரி. அன்று சாயந்திரமே ஆத்தூரில் புதுப் பட்டியல் திறந்தது. அந்த வரி இன்னமும் அங்கேதான் இருக்கிறது. எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.