மணிக்கு 24 ரயில், எங்கள் வீட்டு மாடியில்

புத்தம் புது மாடல் ரயில் பெட்டி ஒன்றை நெடுக்குவாட்டில் ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மனைவி காபியோடு உள்ளே வந்தாள்.

"ஏங்க, இது போன வாரம்தானே வாங்குனீங்க?"

"ஆமா."

"உடைஞ்சு வந்துச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருந்துச்சு."

காபியைப் பிளாஸ்டிக் தூள் படாத ஓர் ஓரமாகத் தேடி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கீழே போய்ப் பெண்ணிடம் "உங்கப்பாவை ரெண்டு நாளைக்கு ஒண்ணும் கேக்காத" என்று சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கிழக்கு லண்டனில், வால்தம்ஸ்டோ. தினமும் வேலைக்கு லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் போகிற அந்த சிங்ஃபோர்டு லைனில்தான் 1920 ஜூலையில் கிரேட் ஈஸ்டர்ன் ரயில் கம்பெனி ஒரு சாகசம் செய்தது. மின்மயமாக்கக் காசில்லை, கூட்டமோ தாங்கவில்லை. சரி, இருக்கிற நீராவி இன்ஜினையும் இருக்கிற பெட்டியையும் வைத்தே ஓட்டிக் காட்டுவோம் என்று இறங்கி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சிங்ஃபோர்டுக்கும் என்ஃபீல்டுக்கும் நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில் விட்டார்கள். கணக்குப் போட்டால் இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. சிக்னல் எல்லாம் கேபினில் ஆள் நின்று நெம்புகோலைப் பிடித்து இழுப்பதுதான். அவசரத்தில் ஏறுகிறவர்கள் தங்கள் வகுப்பைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாதென்று முதல் வகுப்புக் கதவுகளுக்கு மேலே மஞ்சள் பட்டை, இரண்டாம் வகுப்புக்கு நீலப் பட்டை அடித்தார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றும் கிடையாது, கூட்டம் எங்கே இருக்கிறதோ அதுதான் மூன்றாம் வகுப்பு. இந்தக் கலர் கோலத்தைப் பார்த்துத்தான் இதற்கு 'ஜாஸ்' ரயில் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

அறுப்பதற்கு வருகிறேன். அதற்கும் முன்னால், 1900களின் தொடக்கத்திலேயே, இதே கம்பெனிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. பெட்டியின் அகலம் 8 அடி, ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்காரலாம். 9 அடி ஆக்கினால் ஆறு பேர். புதிதாகக் கட்டினால் செலவு. அதனால் நாலு சக்கரப் பெட்டிகளின் உடம்பை நடுவாக நெடுக அறுத்து, இடையில் ஒரு அடிக்குத் துண்டு வைத்து ஒட்டிவிட்டார்கள்! நிஜப் பெட்டியை! இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்வது ஓஓ அளவு மாடல். ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர். அப்படியென்றால் நானும் என் பெட்டியை நடுவில் அறுத்து 4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்டினால், கிரேட் ஈஸ்டர்ன் பட்டறை செய்த அதே வேலையை நானும் செய்தவன் ஆவேன். இதையெல்லாம் காபி ஆறுவதற்குள் ஒரு மனிதன் மனைவிக்கு எப்படி விளக்குவது?

இங்கே ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜத் தண்டவாளத்தின் 4 அடி 8½ அங்குலத்துக்கு இந்த அளவில் கணக்காக 18.83 வர வேண்டும். அதாவது அகலமே சரியில்லாத தண்டவாளத்தின் மேல், 4 மில்லிமீட்டர் துல்லியத்துக்காக நான் பெட்டியை அறுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நட்பு முறியும், அதனால் மேலே போகிறேன்.

ஒரிஜினலில் ஒரு ரயிலுக்கு 16 பெட்டி. மாடலில் அது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். எங்கள் பாக்ஸ் ரூம் என்கிற குட்டி அறையின் மொத்த நீளமே இரண்டே முக்கால் மீட்டர், அதில் மாமியார் வந்தால் படுக்கக் கட்டிலும் போட்டாக வேண்டும். ஆகவே ஐந்து பெட்டி. அகலப்படுத்திய ஐந்து, அறுக்காத ஐந்து என்று இரண்டு செட். ஸ்டேஷனில் இரண்டு பிளாட்ஃபாரம். பக்கத்தில் இன்ஜின் காத்திருக்க ஒரு சின்ன டாக். இன்னொரு முனையில் பழைய திரைச்சீலை, அதற்குப் பின்னால் ரயில்கள் போய் ஒளிந்துகொள்ளும் ஃபிடில் யார்டு. மஞ்சள் பட்டை அடித்தது பதினொரு வயது மகள். நகத்துக்குக் கோலம் போடும் பிரஷ்ஷால் கை நடுங்காமல் இழுத்துவிட்டாள். நான் முயன்ற முதல் கதவு மாம்பழம் பிழிந்த மாதிரி இருந்ததால் அது இன்றும் சுவர்ப் பக்கம் திரும்பியே ஓடுகிறது.

இன்ஜின் இரண்டும் கிரேட் ஈஸ்டர்னுக்காக ஹில் என்பவர் வடிவமைத்த என்7 ரகம். எண் 1000, 1001. இதில் ஒரு சந்தோஷம் உண்டு. 1920 ஜூலையில் உலகத்தில் இருந்ததே இந்த இரண்டு என்7தான், அடுத்த பத்தும் 1921-ல்தான் வந்தன. கிரேட் ஈஸ்டர்னின் பேர்பெற்ற நீலம் முதல் உலகப் போரோடு போய்விட்டதால் இரண்டுக்கும் சாம்பல் அடித்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வரலாறும் என் பட்ஜெட்டும் ஒரே எண்ணிக்கையில் வந்து நின்றன. ஜாஸில் நிஜமாக மாடாய் உழைத்தது 'பக்ஜம்பர்' என்று செல்லப்பெயர் வாங்கிய குட்டி இன்ஜின்கள். துள்ளித் தள்ளும் முரட்டுக் குதிரை என்று அர்த்தம். அதில் ஒன்றை உலோகக் கிட் வாங்கி நானே கட்டினேன். சக்கரத்தைக் கொஞ்சம் கோணலாகப் பொருத்திவிட்டதால் பெயருக்கு ஏற்ப நிஜமாகவே துள்ளுகிறது.

எல்லாம் தயாரானதும் ஒரு சனிக்கிழமை பகல் மூன்றிலிருந்து நாலு வரை அசல் ஜாஸ் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். மனைவி மருத்துவமனையில் நர்ஸ்களுக்கு டியூட்டி ரோஸ்டர் போடுகிறவள். சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன், "24-ஆ? எத்தனை இன்ஜின், எத்தனை டிரைவர்?" என்று கேட்டு, பேப்பரில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டை மாற்றவும் பெட்டி கழற்றவும் மகள். எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. 1960 நவம்பரில் மின்சார ரயில் வரும் வரை இதே லைனில் வுட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர். அவரை ஸ்டேஷன் மாஸ்டராக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். டீயும் முறுக்கும் கொடுத்தோம். முறுக்கைக் கடிக்கும் சத்தம் பக்ஜம்பரை விடப் பெரிதாக இருந்தது.

இந்த ஓட்டத்தின் உயிர்நாடி நாலு நிமிடம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் வந்து நின்றதும், இழுத்து வந்த இன்ஜின் தண்டவாளம் முடியும் இடத்துத் தடுப்புக்கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுத்து அந்தப் பக்கம் கொண்டுபோக நேரம் இல்லை. அதனால் டாக்கில் தயாராக நிற்கும் வேறொரு இன்ஜின் பின்பக்கமாக வந்து மறுமுனையில் கோத்துக்கொண்டு, பிரேக் குழாயை மாட்டிச் சோதித்து, ரயிலை இழுத்துக்கொண்டு கிளம்பும். அது போன பிறகு மாட்டியிருந்தது விடுபட்டு டாக்குக்கு வந்து அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து நாலு நிமிடம்!

மூன்று மணி. சமையலறை டைமரை மனைவி தட்டினாள். இரண்டாம் பிளாட்ஃபாரத்திலிருந்து அறுக்காத செட் துள்ளும் குதிரையோடு கிளம்பியது. நேரத்துக்கு. பெரியவர் கை தட்டினார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

3:02. அடுத்தது அகலப்படுத்திய செட்டோடு 1000 திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வருகிறது. டாக்கில் 1001 காத்திருக்கிறது. நான் குமிழை மெல்லத் திருப்பினேன். 1000 நகர்ந்தது. 1001-உம் நகர்ந்தது.

மாடல் இன்ஜினுக்குள் உட்கார்ந்து நம் கட்டளையைக் கேட்கும் சில்லுக்கு டிகோடர் என்று பெயர். புது டிகோடர் எல்லாவற்றுக்கும் கம்பெனியிலிருந்து வரும்போதே எண் 3 என்று பெயர் சூட்டித்தான் அனுப்புவார்கள். நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். 1000-க்கு மாற்றவில்லை. 1001-க்கும் மாற்றவில்லை. "3, முன்னே போ" என்றதும் இரண்டும் தங்கள் முகத்துக்கு நேராகக் கிளம்பின, முகங்களோ எதிரெதிர். நான் "ஐயோ" என்பதற்குள் வானத்திலிருந்து ஒரு சின்னக் கை இறங்கி 1001-ஐ அப்படியே தூக்கியது. அந்தரத்தில் அதன் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"அப்பா, ஸ்டாப் பட்டன்!"

"ரெண்டு நர்ஸுக்கு ஒரே பேட்ஜ் நம்பர் குடுத்தா இப்படித்தான்," என்றாள் மனைவி, பேப்பரிலிருந்து தலை தூக்காமல். கையேட்டைத் தேடி எடுத்து எண்ணை மாற்ற ஒன்பது நிமிடம். அவள் கட்டத்தில் மூன்று ரயிலை நிதானமாக அடித்துவிட்டாள்.

பிறகு 1000 ஜம்மென்று முதல் பிளாட்ஃபாரத்தில் நுழைந்தது. நுழைந்ததும் ஒரு சத்தம். தேங்காய் துருவும் சத்தம்.

பிளாட்ஃபார ஓரத்தை நான் பழைய பெட்டிக்கு அளவெடுத்து, ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தேன். அறுத்த பெட்டி பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் பருத்திருக்கிறது. ஒட்டின ராத்திரி நேர்த் தண்டவாளத்தில் கையால் உருட்டிப் பார்த்ததோடு சரி, ஸ்டேஷனுக்குள் விட்டுப் பார்க்கவில்லை. பெட்டி பிளாட்ஃபாரத்தின் ஓரக்கல்லைச் சீவிக்கொண்டே போனது. விளிம்பில் நான் ஆசையாக ஒட்டி வைத்திருந்த மூன்று பால் கேன், ஒரு பெஞ்ச், 22 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு போர்ட்டர், எல்லோரும் வரிசையாகச் சாய்ந்தார்கள். போர்ட்டர் மட்டும் சாயவில்லை. பறந்தார்.

"எங்க விழுந்தான்?"

நாலு பேரும் மண்டி போட்டுத் தேடினோம், எண்பது வயதுக்காரரும். கிடைக்கவில்லை. உப்புத்தாள் எடுத்து ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். மனைவி கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வந்தாள், ஒரு கட்டத்துக்கு மேல் பேனாவைப் படுக்கவைத்து ஒரே கோடாக இழுத்தாள்.

அந்த இடைவேளையில் ஒரு நல்லது நடந்தது. சும்மா நிற்கட்டுமே என்று 1001-இன் ஒலியை மட்டும் போட்டேன். கிரேட் ஈஸ்டர்ன் ரயில்களுக்கு வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக். அதற்குக் காற்று அடைக்கும் பம்பு இன்ஜினின் பக்கவாட்டில் நின்றபடி மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். பெரியவர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பேசாமலிருந்தது அப்போதுதான்.

"கிட்டத்தட்ட," என்றார் கடைசியில். "ஆனால் இது ரொம்ப ஆரோக்கியமாக மூச்சு விடுகிறது. எங்களுடையது மாடிப்படி ஏறி வந்த நாய் மாதிரி இருக்கும். நடுநடுவே ஒன்று விட்டுப் போகும், போய்விட்டதோ என்று நினைப்போம், அப்புறம் மறுபடி பிடித்துக்கொள்ளும்." சொல்லிவிட்டுத் தானே ஒரு தடவை அப்படி மூச்சு விட்டுக் காட்டினார். மகள் அதை போனில் பதிவு செய்துகொண்டாள். இன்ஜினுக்கு அதையே போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3:43-க்கு மறுபடி ஓட்டம். ரயில் உரசாமல் வந்து நின்றது. 1000-ஐக் கழற்ற மகள் தமிழ்க் கடையில் வாங்கிய விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியோடு தயாராக நின்றாள். கொக்கிக்கு அடியில் குச்சியை விட்டு லேசாகத் தூக்க வேண்டும். தூக்கினாள், இன்ஜினோடு முதல் பெட்டியும் எழுந்தது. மறுபடி. இந்தத் தடவை குச்சி முறிந்தது. மூன்றாவது தடவை கழன்றது. டாக்கிலிருந்து 1001 வந்து மறுமுனையில் இடித்தது, கொக்கி விழவில்லை. இன்னொரு இடி, செட் முழுக்கப் பின்னால் போய்த் தடுப்புக்கட்டையில் 1000-ஐ நசுக்கியது. நிஜத்தில் இருந்தால் இந்நேரம் மூன்றாம் வகுப்பில் யாருக்கும் தலையில் தொப்பி இருந்திருக்காது.

நாலு நிமிட வேலை முடிந்தபோது டைமர் பதினொன்று காட்டியது. அந்த ரயில் கிளம்பியது 3:56. அதன் பின்னாலேயே, இதற்குள் இரண்டாம் பிளாட்ஃபாரத்துக்குத் திரும்பியிருந்த குதிரையை அவசரமாக முடுக்கி இன்னொன்றையும் தள்ளிவிட்டேன். நாலு மணி அடித்தது.

மனைவி பேப்பரை நீட்டினாள். 24 கட்டத்தில் மூன்று டிக். கீழே வார்டுப் பழக்கத்தில் 'ஆள் பற்றாக்குறை' என்று எழுதியிருந்தாள். பெரியவர் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மீதி முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.

போர்ட்டரை அன்று ராத்திரி டார்ச் அடித்து மறுபடி தேடினேன். கம்பளத்தில் இல்லை, கட்டிலடியில் இல்லை. வாக்யூம் கிளீனர் பையைக் கொட்டிப் பார்க்கலாமா என்றதற்கு வீட்டில் பதில் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. வாசலில் பெரியவர், ஒரு கையில் கழுவின முறுக்கு டப்பா. அவர் போடுவது இன்னும் அந்தக் காலத்து, காலடியில் மடிப்பு வைத்த பேன்ட். இன்னொரு கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நடுவில், தொப்பி கொஞ்சம் வளைந்து, எங்கள் போர்ட்டர்.

"உங்கள் ஆள் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிட்டார்," என்றார். "கடைசி ரயிலை விட்டுவிட்டாராம். உங்கள் லைனில் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை என்கிறார்."