யானை உடைந்தாலும் நம்மிடமே இருக்கிறது: மும்பை பாவு தாஜி லாட் மியூசியம்

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த டாக்ஸிக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். சி.எஸ்.எம்.டி. என்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷனிலிருந்து மியூசியம் இருக்கும் பைகுல்லா ரொம்பப் பக்கம். மீட்டர் போட மறுத்து 300 ரூபாய் கேட்டார். பெட்டியோடு நின்றதால் நானும் தங்கையும் வேறு வழியில்லாமல் ஏறினோம். திரும்பும்போது லோக்கல் ரயிலில் ஆளுக்கு 5 ரூபாய்தான்! டாக்ஸி பக்கமே போகாதீர்கள்.

ராணி பாக் பூங்காவுக்குள் இருக்கிறது மியூசியம். உள்ளே கால் வைத்ததும் கோபமெல்லாம் போயிற்று. பச்சைச் சுவர்கள், தங்கப்பூச்சு மின்னும் தூண்கள், காலடியில் இங்கிலாந்து மின்டன் கம்பெனியின் தரை ஓடுகள். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது.

இதற்காக முதலில் சேர்த்த பொருட்கள் கோட்டைப் பகுதியில் ஒரு ராணுவக் குடியிருப்பில் இருந்தன. 1857 கிளர்ச்சியின்போது ராணுவம் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள, எல்லாம் வெளியே போயின. அப்புறம் வணிகர் ஜெகந்நாத் சங்கர்சேட், மருத்துவர் டாக்டர் பாவு தாஜி லாட் போன்றவர்கள் ஊராரிடம் பணம் திரட்டினார்கள். 1872இல் கட்டடம் திறந்தபோது வைத்த பெயரோ விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம். 1975இல்தான் டாக்டர் பெயர் வந்தது. நூறு வருஷத் தாமதம்!

பிறகு கட்டடம் சீரழிந்து கிடந்தது. 2003இல் மாநகராட்சி, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை மூன்றும் கைகோத்துப் பழுதுபார்க்கத் தொடங்கின. 2005இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2008இல் மறுபடி திறந்தார்கள். அதன்பின் இன்றைய ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்து இங்கே கண்காட்சி நடத்துகிறார்கள். 2011இல் மும்பை ஓவியர் ஜிதிஷ் கலாட் நடத்தியது அப்படி ஒன்று. பழைய பம்பாய்வாசிகளைக் காட்டும் களிமண் பொம்மைகளுக்கு நடுவே இன்றைய கலை. கட்டடத்தைப் பூட்டிப் பாதுகாப்பதைவிட இதுதான் சரி என்பேன்.

பசித்தது. பக்கத்து இரானி கடையில் பன் மஸ்காவும் சாயாவும். வெண்ணெய் வழிந்தது, விலையும் கையைக் கடிக்கவில்லை. தங்கை இரண்டாவது பன்னும் கேட்டாள்.

வெளியே தோட்டத்தில் நிற்கும் கல் யானையைத் தவறவிடாதீர்கள். மும்பைக்குப் பக்கத்தில் கடலில் இருக்கும் எலிஃபன்டா தீவுக்குப் பெயர் தந்த யானை அது. 1864இல் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது கிரேன் உடைந்து, யானை துண்டு துண்டாயிற்று. 1914இல் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். அதைச் சுற்றிச் சுற்றி வந்த தங்கையைக் கிளப்ப எனக்கு அரை மணி நேரம் ஆனது.

புதன்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போங்கள்.