சிகாகோ ஏரிக்கரையில் வெயில் திரும்பிய சனிக்கிழமை

சிகாகோவில் ஏப்ரல் மாதத்தை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம் என்று, அந்நகரில் நெடுங்காலமாக வசிக்கும் என் மைத்துனர் முன்பே எச்சரித்திருந்தார். காலையில் மேலாடை தேவைப்படாத அளவுக்கு வெயில் அடிக்கும். மாலைக்குள் காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, இன்னும் பனிக்காலத்துக் குளிர்ச்சி நீங்காத மிச்சிகன் ஏரியின் மீது தவழ்ந்து வந்து, கைவிரல்களை விறைக்கச் செய்துவிடும். வானிலை அறிவிப்பிலேயே நகரத்துக்கு ஒரு வெப்பநிலையும் ஏரிக்கரைக்கு அதைவிடக் குறைவான இன்னொன்றும் சொல்வது அங்கே வழக்கம். மே மாதத் தொடக்கத்தில் வந்த அந்தச் சனிக்கிழமையன்று காற்று தென்மேற்கிலிருந்து வீசியதால் கரையோரமும் நகரத்தைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தது. நகரத்தில் சைக்கிள் வைத்திருக்கும் அனைவரும் அதை ஒரே நேரத்தில் கண்டுகொண்டார்கள் என்பது பாதையில் இறங்கிய சிறிது நேரத்திலேயே எனக்குப் புரிந்தது.

நான் சொல்வது ஏரிக்கரைப் பாதையைப் பற்றி. வடக்கே எட்ஜ்வாட்டர் பகுதியின் ஆர்ட்மோர் அவென்யூவில் தொடங்கி, தெற்கே 71-ஆம் தெருவில் முடியும் இப்பாதை 18.5 மைல், அதாவது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. ஒரு பக்கம் எதிர்க்கரை தெரியாத ஏரியும் மறுபக்கம் வானளாவிய கட்டடங்களும் இருக்க, நடுவில் ஒரு பெருநகரம் இத்தனை நீளத்துக்குப் பொதுநிலத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது தற்செயலாக நடந்ததன்று. 1836-இல் வரையப்பட்ட நில வரைபடத்திலேயே, இன்று கிராண்ட் பூங்கா அமைந்துள்ள கரையோரத்தின் ஒரு பகுதி எக்காலத்துக்கும் கட்டடமின்றித் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான், அஞ்சல்வழி வணிகத்தில் பெரும்பணம் ஈட்டிய மான்ட்கமரி வார்டு 1890-இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடினார். அவர் காலத்துச் செல்வந்தர்களில் பலருக்கு அது வீண்பிடிவாதமாகத் தோன்றியிருக்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் நல்ல இடத்தில் கூட்டம் சேராமல் இராது. பல ஆண்டுகளாக நடப்பவர், ஓடுபவர், சைக்கிளில் செல்பவர் என அனைவரும் பெரும்பாலான இடங்களில் ஒரே தார்ப்பரப்பைப் பகிர்ந்து வந்தார்கள். கோடைக்கால வார இறுதிகளில் அதில் நடந்த உரசல்களையும் சண்டைகளையும் பற்றி என் மைத்துனரிடம் ஒரு பெரிய கதைக் களஞ்சியமே இருக்கிறது. 2016 டிசம்பரில் கென் கிரிஃபின் என்னும் நிதி முதலீட்டாளர் 1.2 கோடி டாலர் நன்கொடை அறிவித்ததை அடுத்து, சக்கரத்துக்கு ஒரு பாதையும் காலுக்கு ஒரு பாதையும் எனப் பிரிக்கும் பணி தொடங்கி 2018-இல் நிறைவடைந்தது. சைக்கிள் பாதை பொதுவாக 12 அடி அகலம். நடைபாதை அதைவிட அகலமானது. ஓடுபவர்களின் முழங்காலை எண்ணி, அதன் ஓரத்தில் மென்மையான பரப்பும் விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பிரிப்பு பெரும்பாலான தொலைவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆர்ட்மோரிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கி வருகையில், முதல் சில மைல்களில் புல்வெளிகளும் படகுத்துறைகளும் விளையாட்டுத் திடல்களும் மாறிமாறி வருகின்றன. யாரும் யாரையும் இடிப்பதில்லை. இந்தியாவிலிருந்து செல்பவர்கள் அங்கே வலப்புறமாகச் செல்லும் வழக்கத்துக்குப் பழக வேண்டும். முன்னால் போகிறவரை முந்த விரும்பினால் அவருக்கு இடப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். முந்துவதற்குமுன் மணியடிக்க வேண்டும், அல்லது ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். பழகியவர்கள் இதைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் சற்று ஒதுங்குகிறார்கள். பழகாதவர்களோ, ‘லெஃப்ட்’ என்ற சொல் காதில் விழுந்த உடனேயே இடப்பக்கம் நகர்ந்து, வருகிறவரின் வண்டிக்கு நேர் முன்னால் வந்துவிடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் பாதையை விட்டு விலகியிருந்தவர்கள் திரும்பும் முதல் வாரங்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே, சொல்வதைவிட மணியடிப்பதே மேல் என்பது என் கருத்து. அதையும் ஆளின் முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்காமல், கொஞ்சம் தொலைவிலேயே ஒருமுறை அடித்தால் போதும்.

ஃபுல்லர்ட்டன் அவென்யூவைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. ஏரிக்குள் மண்ணை நிரப்பி நிலம் சேர்த்து அந்த இடத்தில் பாதையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து நார்த் அவென்யூ கடற்கரை, ஓக் தெருக் கடற்கரை (ஏரிக்கரை மணலை அங்கே கடற்கரை என்றுதான் அழைக்கிறார்கள்) வரையுள்ள பகுதிக்கு நகரத்தின் பாதி வந்து சேர்ந்தது போலிருந்தது. கடற்கரைகளில் நீந்துவதற்கான பருவம் மே மாதக் கடைசித் திங்களான நினைவு நாளுக்கு முந்தைய வெள்ளியன்றுதான் முறைப்படி தொடங்குகிறது; தண்ணீரில் கால் வைக்க முடியாத குளிர். அதனால் வந்தவர்களில் யாரும் தண்ணீருக்குள் இறங்கவில்லை. அத்தனை பேரும் மணலிலும் பாதைகளிலுமே இருந்தார்கள்.

நெரிசல் என்பது எண்ணிக்கையால் மட்டும் உண்டாவதில்லை. வேகங்கள் வேறுபடுவதால்தான் அது கடுமையாகிறது. நடப்பவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டரும், குழந்தையுடன் செல்லும் சைக்கிள்காரர் பத்துப் பன்னிரண்டும், பந்தயச் சைக்கிளில் குனிந்து மிதிப்பவர் முப்பதும் செல்லக்கூடியவர்கள். 12 அடியில் இரு திசைப் போக்குவரத்தும் நடக்க வேண்டுமென்றால், ஒருவர் முந்தும் ஒவ்வொரு முறையும் எதிரே வருபவரின் இடத்தைச் சில நொடிகளுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கடன் எளிதில் கிடைக்கும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, எதிர்த்திசையில் இடைவெளியே தென்படாதபோது, சிலர் அதை வற்புறுத்தி வாங்கிக்கொள்கிறார்கள். நால்வர் அருகருகே பேசிக்கொண்டு போவதும், நகரத்தின் கட்டட வரிசை அழகாகத் தெரியும் வளைவில் வண்டியைப் பாதையிலேயே நிறுத்திப் படம் எடுப்பதும், நீண்ட கயிற்றில் நாயை விட்டு அதன் மறுமுனையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் நெரிசலுக்குத் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

நார்த் அவென்யூவில் இவற்றுக்கு மேல் குறுக்குப் போக்குவரத்தும் உண்டு. சாலைக்கு மேலும் கீழுமாக அமைந்த நடைவழிகளில் வருபவர்கள் துண்டு, பந்து, பனிக்கட்டிப் பெட்டி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு சைக்கிள் பாதையைக் கடந்தால்தான் மணலை அடைய முடியும். அவர்களுடைய கண்கள் ஏரியின்மீது இருக்கும். அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை, ஏனெனில் அவர்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். கப்பல் வடிவில் கட்டப்பட்ட கடற்கரை மாளிகையின் அருகே ஒரு தந்தை, துணைச் சக்கரங்களை அப்போதுதான் கழற்றிய சின்னஞ்சிறு வண்டியில் மகளை ஏற்றி, இருக்கையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி ஓடிவந்தார். அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நடைவேகத்தில் ஊர்ந்தன. ஒருவர் மட்டும் பொறுக்காமல் கத்திவிட்டு இடப்பக்கமாகப் பாய்ந்தார். அவருடைய விலையுயர்ந்த வண்டிக்கு ஏற்ற வேகத்தை, அந்த நாளில் அந்த இடத்தில் எவராலும் தர முடியாது. வேகமாகச் செல்ல விரும்புகிறவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு முன்னால் இதே பாதை முழுவதும் திறந்திருக்கிறது. கோடையின் மதியவேளையில் இது மெதுவாகச் செல்பவர்களின் இடம் என்று ஏற்றுக்கொள்வதே முறை. பந்தயச் சைக்கிள்காரர்கள் சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம்.

ஓக் தெருவைக் கடந்தால் பாதை தண்ணீரை ஒட்டிய சிமென்ட் பரப்பில் ஓடுகிறது. அடுத்து வருவது நேவி பியர் மேம்பாலம். 2014-இல் பணி தொடங்கி 2021 மே மாதத்தில்தான் முழுமையாகத் திறக்கப்பட்ட இதன் தாமதத்தைப் பற்றி நகரத்தார் இன்றும் நகைச்சுவை சொல்கிறார்கள். முன்பு இங்கே கார்கள் திரும்பும் சந்திப்புகளையும் மிகக் குறுகலான ஒரு நடைமேடையையும் எல்லோரும் சேர்ந்து கடக்க வேண்டியிருந்தது. இப்போது சாலைகளுக்கு மேலே மிதந்து சென்று, சிகாகோ ஆற்றின் மீதுள்ள தூக்குப்பாலத்தின் கோபுரத்தையே குடைந்து அமைத்த வழியில் நுழைந்து வெளியேறலாம். அந்தத் தூக்குப்பாலம் 1937-இல் அதிபர் ரூஸ்வெல்ட் திறந்து வைத்தது. மேம்பாலத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை கிடையாது என்பதுதான் சிக்கல். சரிவில் இறங்கும் வண்டி தானாகவே வேகம் பிடிக்கிறது. கீழே ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்க்க நிற்பவர்கள் கைப்பிடிச் சுவரிலிருந்து பின்வாங்கி, பார்க்காமலேயே நடுவில் வந்துவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, குடும்பம் முழுவதும் உட்கார்ந்து மிதிக்கும் நான்கு சக்கர வாடகை வண்டிகளும் அங்கே வருகின்றன. நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்; இறங்கியபிறகுதான் ஆற்றை நிதானமாகப் பார்க்கவும் முடிந்தது.

மறுநாள் நகரத்தின் உட்புறத்தில் உள்ள புளூமிங்டேல் பாதைக்குச் சென்றேன். பழைய உயர்நிலை ரயில் தடத்தை மாற்றி 2015-இல் திறந்த இந்த 2.7 மைல் பாதையில் தனிப்பிரிவு எதுவும் இல்லை. நடுவில் சிமென்ட் பரப்பும், இரு ஓரத்திலும் ஓடுபவர்களுக்கான மெல்லிய ரப்பர்ப் பட்டையும் மட்டுமே உண்டு. அங்கே எல்லோரும் மெதுவாகவே சென்றார்கள். வேகமாகச் செல்ல வழியே இல்லை என்பது பாதையின் அமைப்பிலேயே தெரிவதால் யாரும் முயலவில்லை என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் அகலமும் நேர்கோடும் வேகத்துக்கு ஆசை காட்டுகின்றன. கூட்டம் அந்த ஆசையை மறுக்கிறது. கோபம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கூட்டத்தை விரும்பாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தென்பகுதியை. அருங்காட்சியக வளாகத்தைத் தாண்டியதும், அன்றைய சனிக்கிழமையிலும்கூட, வண்டிகள் அருகிவிட்டன. 31-ஆம் தெருக் கடற்கரையில் இறைச்சி சுடும் புகை. அதன்பின் புல்வெளியும் இளமரங்களும் நிறைந்த நீண்ட தனிமை. 55-ஆம் தெருவை ஒட்டி, நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஆல்ஃபிரட் கால்டுவெல் வடிவமைத்த புரோமன்டரி பாயின்ட் என்னும் பூங்கா ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே சுண்ணாம்புக்கல் படிகளில் அமர்ந்து வடக்கே பார்த்தால், அதுவரை வந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறது. பாதை முடியும் 71-ஆம் தெருவில் சவுத் ஷோர் பண்பாட்டு மையம் இருக்கிறது. 1992-இல் பராக் ஒபாமாவின் திருமண வரவேற்பு நடந்த கட்டடம் அதுதான்.

முழுப்பாதையையும் ஒரு நாளில் பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கிலிருந்து காலையிலேயே புறப்பட்டு, ஓக் தெருவைப் பத்து மணிக்கு முன்னால் கடந்துவிடுவது நல்லது. திரும்பி வரும்போது மாலை நெரிசலுக்குள் மீண்டும் நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை: பண்பாட்டு மையத்துக்கு அருகிலேயே மெட்ரா ரயிலின் சவுத் ஷோர் நிலையம் இருக்கிறது, வார இறுதியில் சைக்கிளுடன் ஏறி, நகர மையத்தில் உள்ள மில்லேனியம் நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.