அட்டையில் பெயர் இல்லாதவர்கள்

நமது பழைய மாணவர் சங்க மலரில் வழக்கமாகக் கிரிக்கெட் வரும், விடுதிச் சாப்பாடு வரும், அதிபரின் பிரம்பு கட்டாயம் வரும். இவற்றை எழுத என்னிலும் கெட்டிக்காரர் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது எழுபதுகளின் கடைசியில் எங்கள் விடுதியில் ஓடிய ஆங்கிலப் பாட்டுக் கசெற்றுகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்து வாசித்தவர்களைப் பற்றி.

யாழ்ப்பாணம் ரவுணில் ரெக்கோடிங் பார்கள் இருந்ததை என் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். வெறும் கசெற்றையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் எல்பி இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். கூட வரும் அட்டையில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அவ்வளவுதான். எங்களுக்கு அது போதும். கல்லூரி பாண்டில் ட்ரம் அடித்த அண்ணை ஒருவருக்கு மட்டும் போதவில்லை. பொடியன்கள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருக்க, அவர் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "டேய், உதை அடிக்கிறவன் ஆரடா?" என்று கேட்பார். ஒருநாள் கடைக்கே போய், அட்டையில் அந்த விபரத்தை ஏன் எழுதுவதில்லை என்று சண்டை பிடித்திருக்கிறார். கடைக்காரர் அலுப்போடு மோட்டவுன் என்ற அமெரிக்கப் பாட்டுக் கொம்பனியின் எல்பி ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாராம். அதிலும் ஒரு பெயரும் இல்லை. அண்ணை விடுதிக்கு வந்து, "பாடினவனுக்குப் படம், அடிச்சவனுக்குப் பேரும் இல்லை" என்று படுக்கும்வரை புறுபுறுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கான விடை, நான் பிற்காலத்தில் குடியேறிய ரொறொன்ரோவிலிருந்து நாலு மணி நேர ஓட்டத்தில் இருந்தது. 401 நெடுஞ்சாலையால் மேற்கே போய் வின்சரில் எல்லை தாண்டினால் டிட்ரோயிட். அங்கே வெஸ்ற் கிராண்ட் புலவாட்டில் 2648 ஆம் இலக்க வீடு. பெரி கோர்டி என்பவர் 1959 இல் தன் குடும்பத்தாரிடம் 800 டொலர் கடன் வாங்கித் தொடங்கிய மோட்டவுன் கொம்பனி இயங்கிய இடம் அது. இப்போது மியூசியம். வெளியே நின்று பார்த்தால் யாரோ ஒரு டொக்டரின் பழைய வீடு என்றுதான் நினைப்பீர்கள். வீட்டின் பின்பக்கத்தில் முன்பு ஒரு புகைப்பட ஸ்ரூடியோ இருந்ததாம். அதைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு வகுப்பறையை விடப் பெரிதில்லை. கூரையிலிருந்து வயர்கள் தொங்கியதால் அங்கே வாசித்தவர்கள் அதற்குப் பாம்புக் குழி என்று பெயர் வைத்தார்கள். சுப்ரீம்ஸ், டெம்ரேஷன்ஸ், ஃபோர் ரொப்ஸ், ஸ்ரீவி வொண்டர், மார்வின் கே என்று அறுபதுகளில் அமெரிக்காவையே ஆட்டிவைத்த பாட்டுகளில் பெரும்பகுதி அந்தக் குழிக்குள் பதிந்தவை.

பாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வாசித்தவர்கள் அநேகமாக ஒரே கூட்டம். தங்களை ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைத்துக்கொண்டார்கள். ட்ரம்ஸில் பெனி பெஞ்சமின், பிறகு யூரியல் ஜோன்ஸ், பிஸ்ரல் அலன். பியானோவில் ஏர்ல் வான் டைக். கிற்றாரில் ரொபேர்ட் வைட், எடி வில்லிஸ், ஜோ மெசீனா. தம்பொரீனில் ஜாக் ஆஷ்ஃபோர்ட். பெரும்பாலும் ஜாஸ் ஆட்கள். பகலில் குழிக்குள் பொப் பாட்டு, இரவில் சிற் சற் லவுஞ்ச் போன்ற கிளப்புகளில் தங்களுக்குப் பிடித்த ஜாஸ். தொடக்க காலத்தில் ஒரு பாட்டுக்குப் பத்து டொலர் கிடைத்தாலே பெரிய காரியம். காசு போதாமல் கொம்பனிக்குத் தெரியாமல் வெளியிலும் வாசித்தார்கள். ஜாக்கி வில்சன் 1967 இல் பாடிய 'ஹையர் அண்ட் ஹையர்' மோட்டவுன் பாட்டே அல்ல; சிக்காகோவில் பதிந்தது. ஆனால் வாசித்தது இந்தக் கூட்டம்தான். கொஞ்சம் பழகிய காது என்றால் சொல்லாமலே கண்டுபிடித்துவிடும்.

கண்டுபிடிக்க வைப்பது, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிற்றார். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன், 1936 இல் தென் கரோலினாவில் பிறந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பேஸ்காரர் பலரும் சுருதியின் ஆதார சுரத்தை விட்டு அதிகம் அசைய மாட்டார்கள். இவரோ இரண்டு அடிக்கு இடையில் கிடைக்கும் இடுக்கிலெல்லாம் புகுந்து, பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டையே ஓடவிடுவார். அத்தனையும் வலது கைச் சுட்டுவிரல் ஒன்றால். அந்த விரலுக்குக் கொக்கி என்று பட்டப் பெயர். கையில் இருந்தது 1962 ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரெசிஷன் என்ற பேஸ் கிற்றார். தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார், அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவர் கட்சி. தந்திகளும் கழுத்துப் பலகையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும். வேறு யாரும் எடுத்து வாசித்தால் விரல் நோகும். மார்வின் கேயும் ரமி ரெரலும் சேர்ந்து பாடிய 1967 ஆம் ஆண்டுப் பாட்டு, 'ஏய்ன்ட் நோ மௌண்டன் ஹை இனஃப்', உங்களிடம் இருந்தால் பாட்டை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

1971 இல் வந்த மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' அல்பத்தில்தான் மோட்டவுன் முதல்முறையாக வாசித்தவர்களின் பெயர்களை அட்டையில் அச்சிட்டது. ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் 'ஒப்பற்ற' என்று ஒரு அடைமொழியும் போட்டிருந்தார்கள். தலைப்புப் பாட்டைப் பதிந்த இரவில் அவர் குடித்திருந்ததால் ஸ்ரூலில் இருக்க முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்புகிறேன். நம்பாமல் கேட்டாலும் பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது. பெயர் அச்சாகி அடுத்த வருடமே, 1972 இல், கொம்பனி லொஸ் ஏஞ்சலிசுக்குப் போய்விட்டது. ஒரு நாள் வேலைக்கு வந்தவர்கள், இன்று பதிவு இல்லை என்று கதவில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் விஷயத்தை அறிந்தார்களாம். ஜேமர்சன் பின்னாலேயே கலிபோர்னியாவுக்குப் போனார், அங்கே முன்னைப்போல வேலை அமையவில்லை. 1983 இல், அந்தப் பழைய ஃபெண்டர் களவு போன சில நாளில், 47 வயதில் இறந்தார்.

ரொபேர்ட் வைட்டின் கதை இன்னும் மோசம். 'மை கேர்ல்' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தக் கிற்றார், உலகில் காது உள்ள எல்லாரும் கேட்டது, அவருடையது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு ஹோட்டலில் சாப்பிடப் போனபோது அந்தப் பாட்டு போயிருக்கிறது. வெயிற்றரிடம் "இது நான் வாசிச்சது" என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சாப்பாட்டுக்கு ஓடர் கொடுத்துவிட்டார். கிழவன் உளறுகிறான் என்று நினைப்பான் என்று கூட இருந்தவரிடம் விளக்கம் சொன்னாராம்.

சரி, எழுபதுகளில் உலகத்தை ஆடவைத்த டிஸ்கோ பாட்டுகளுக்கு வருவோம். விடுதியில் மோட்டவுனை விட அதிகம் ஓடியது 'சற்றர்டே நைற் ஃபீவர்' படத்தின் இரட்டை எல்பியின் பிரதிதான். அண்ணையின் கேள்விக்கு அந்த அல்பத்தில் இருக்கும் விடைகள் வேடிக்கையானவை. 'ஸ்ரேயின் அலைவ்' பாட்டில் ட்ரம்ஸ் அடித்தவர் பேர்னார்ட் லூப். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. 1977 இல் பீ ஜீஸ் குழு பிரான்சில் ஒரு பழைய மாளிகையில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அவர்களின் ட்ரம்ஸ்காரர் குடும்பக் காரியமாக ஊருக்குப் போக வேண்டி வந்தது. தயாரிப்பாளர்கள் ஏற்கனவே பதிந்திருந்த 'நைற் ஃபீவர்' பாட்டிலிருந்து இரண்டு வட்டணை ட்ரம்ஸை எடுத்து, அந்த ரேப் நாடாவின் இரண்டு நுனியையும் ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்ராண்டில் சுற்றி மெஷினில் ஓடவிட்டார்கள். முடிவில்லாமல் அதே அடி. அட்டையில் போட ஒரு பெயர் வேண்டுமே என்று கற்பனையாக ஒன்றைப் போட்டார்கள்; லூப் என்றால் வளையம். பிறகு அந்தப் பேர்னார்ட் லூப்பைத் தங்களுக்கும் வாசிக்கக் கேட்டு மற்றக் குழுக்களிடமிருந்து விசாரணையும் வந்ததாம்! டிட்ரோயிட்டில் இருந்தவனுக்குப் பெயர் இல்லை, இங்கே இல்லாதவனுக்குப் பெயர் இருக்கிறது.

அதே எல்பியில் 'டிஸ்கோ இன்ஃபேர்னோ' என்று கிட்டத்தட்ட 11 நிமிடப் பாட்டு ஒன்று உண்டு; ட்ராம்ப்ஸ் குழுவினுடையது. அதில் ட்ரம்ஸ் அடித்து, அடித்தொண்டையில் பாடவும் செய்தவர் ஏர்ல் யங். டிஸ்கோவின் அடியைப் போட்டுக் கொடுத்த ஆளே அவர்தான். ஃபிலடெல்பியாவில் சிக்மா சவுண்ட் என்ற ஸ்ரூடியோவில் பேஸுக்கு ரொனி பேக்கர், கிற்றாருக்கு நோர்மன் ஹரிஸ், ட்ரம்ஸுக்கு இவர் என்று மூவரும், கம்பிள், ஹஃப் என்ற இரு தயாரிப்பாளர்களுக்கு வாசித்தார்கள். 1973 இல் ஹரல்ட் மெல்வினின் குழுவுக்கு 'த லவ் ஐ லொஸ்ற்' பதியும்போது, முதலில் ஆறுதலான காதல் பாட்டாக இருந்ததை வேகம் கூட்டிப் பார்த்தார்கள். யங் காலால் நாலு அடியும் விடாமல் மிதித்து, இடையிடையே ஹை-ஹற் என்ற சோடித் தாளத் தட்டைத் திறந்து மூடினார். டும்-த்ஸ், டும்-த்ஸ். உலகம் முழுக்க அடுத்த ஆறேழு வருடம் ஆடியது இதற்குத்தான்.

பொனி எம் என்ற டிஸ்கோ குழுவைப் பற்றி எழுதாவிட்டால் என் வகுப்பு நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். மேடையில் துள்ளிய பொபி ஃபரல் ஒலிப்பதிவில் பாடவில்லை. அந்தத் தடித்த ஆண்குரல் ஜேர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். 'ரஸ்புற்றின்' பாட்டில் ட்ரம்ஸ் அடித்த கீத் ஃபோர்சி அப்போது மியூனிக்கில் எல்லாருக்கும் வாசித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர். பின்னர் 'ஃபிளாஷ்டான்ஸ்' படப் பாட்டுக்காக 1984 இல் அவருக்கு ஒஸ்கார் கிடைத்தது. இந்தக் கட்டுரையில் வருகிற வாசிப்புக்காரரில் நன்றாகத் தப்பிப் பிழைத்தவர் அவர்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இவர்களில் யாருமல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் மசில் ஷோல்ஸுக்குப் பக்கத்தில் ஷெஃபீல்ட் என்ற சிற்றூரில் நாலு வெள்ளைக்காரப் பொடியன்கள், ரொஜர் ஹோக்கின்ஸ், டேவிட் ஹூட், ஜிமி ஜோன்சன், பரி பெக்கற், 1969 இல் சொந்தமாக ஒரு ஸ்ரூடியோ போட்டார்கள். ஸ்ரேப்பிள் சிங்கர்ஸ் குழு அவர்களோடு பதிந்த 1972 ஆம் ஆண்டுப் பாட்டைக் கேட்டு மயங்கிய பாடகர் போல் சைமன், அதில் வாசித்த அதே கறுப்பினக் கலைஞர்கள் வேண்டும் என்று கேட்க, அவர்கள் நல்ல வெள்ளைத்தோல்காரர் என்று பதில் வந்ததாம். அவர் போனார், பதிந்தார். 'ஐ'ல் டேக் யூ தெயர்' என்ற அந்தப் பாட்டின் நடுவில் எல்லாரும் ஒதுங்கி நிற்க, பேஸ் மட்டும் தனியே நடக்கும் ஓர் இடம் வரும். அங்கே பாடிக்கொண்டிருக்கும் மேவிஸ் ஸ்ரேப்பிள்ஸ் "டேவிட், லிற்றில் டேவிட்" என்று வாசிப்பவரைப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறார். டேவிட் ஹூட்டை. அட்டையைத் தேடத் தேவையே இல்லை.