மதிப்பீட்டுக் கூட்டத்தில் நான் சொல்லாதது

"அவர் இங்கேயே இருப்பாரா?" என்று, பதவி உயர்வுக்குப் பரிசீலனையில் இருந்த இந்தியப் பொறியாளர் ஒருவரைப் பற்றித் துறைத் தலைவர் கேட்டார். "அது இந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை" என்று நான் சொன்னேன். மனிதவளப் பிரிவில் இருப்பவள் சொல்ல வேண்டிய பதில்தான் அது. ஒருவரைப் பிரிவு மேலாளராக உயர்த்தும்போது அவருடைய வேலைத் திறனையும் குழுவை நடத்தும் பக்குவத்தையும் பார்க்க வேண்டுமே தவிர, அவர் எந்த நாட்டுக் கடப்பிதழை வைத்திருக்கிறார் என்று பார்க்கக் கூடாது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிகள் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன; 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும் நாட்டுரிமையின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆகவே என் பதிலில் குறை காண்பதற்கு இல்லை. ஆயினும் துறைத் தலைவரின் கேள்விக்கான விடையில் பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பாதியைச் சொல்லாமல் இருந்ததற்கு நடைமுறை மட்டும்தான் காரணமா என்பதை நான் இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன், அந்தப் பொறியாளர், நிரந்தரவாசிகள் வெளிநாடு போய்த் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும் படிவத்துடன் என் அறைக்கு வந்திருந்தார். பதவி, சம்பளம், வேலையில் சேர்ந்த நாள் ஆகியவற்றை நிறுவனம் உறுதிசெய்ய வேண்டிய பகுதி அதில் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கி வந்து, பாலர் பள்ளி தொடங்கி உயர்நிலைப் பள்ளி வரை இங்கேயே படிக்க வைத்தவர். நான் கையெழுத்திட்டு முடிக்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு, மகனுடைய நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். காரணத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலைத் தகுதியால் நிரந்தரவாசியான தந்தைக்குத் தேசிய சேவை என்னும் கட்டாயப் படைச் சேவை கிடையாது; பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான மகனுக்கு உண்டு. சேவையாற்றாமல் விலகியவன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது அவனுக்குப் பாதகமாகவே அமையும் என்பதும், குடும்பத்தாரின் விண்ணப்பங்களையும் அது பாதிக்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்குள் தம் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டுவிட வேண்டும் என்ற அவசரத்தையும் அவர் என்னிடம் மறைக்கவில்லை.

"அக்கா, இந்த நாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கேன், அதை நான் மறுக்கலை. வேலை, வீடு, அப்பாவோட இதய ஆபரேஷனுக்கு அனுப்பின பணம், எல்லாம் இங்கேருந்து வந்ததுதான். ஆனா கடன் வாங்கினவன் நான். அதை என் பையன் ஏன் கட்டணும்?" என்றார்.

பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அவன் போறேன்னுதான் சொல்றான். கூடப் படிச்சவங்க எல்லாரும் போறாங்களாம். பதினாறு வயசுல அவனுக்கு என்னக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, "உங்க பையன் போனப்போ நீங்க என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார். எங்களை யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். என் பதிலில் இருந்த மனத்தாங்கலை அவர் உணர்ந்தாரா என்று தெரியவில்லை. எனக்கே அது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

இந்த உரையாடலில் என்னை உறுத்துவது அவருடைய முடிவு அன்று. மகன் போக விரும்பினான் என்பதுதான். இந்த நாட்டின் மீது தந்தைக்கு இருந்த பற்று கடனாகவும் கணக்காகவும் இருந்தது. மகனுக்கு அது வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படகேறிப் படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் போகும் இயல்பான ஆசையாக இருந்தது. இரண்டு நாடுகளுக்கு இடையே மனம் பிளவுபட்டவர்கள் என்று நாம் புதிதாக வந்தவர்களைப் பேசும்போது, பெரும்பாலும் ஒரே ஆளின் மனத்துக்குள் இருக்கும் பிளவையே எண்ணிக்கொள்கிறோம். நான் பார்த்த பிளவு தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்தது. அதில் எந்தப் பக்கமும் பேச எனக்கு உரிமை இல்லை என்று அன்று முடிவுசெய்தேன். அது சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பையனுக்காகப் பேச அந்த அறையில் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று யோசிக்கும்போதெல்லாம் என் தாத்தாவின் நினைவு வரும். நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் வந்து துறைமுகத்தில் வேலை செய்தவர். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர்களைப் பதிவுசெய்துகொள்ளும்படி வற்புறுத்தி வந்ததைக் கேட்டுப் போய்ப் பதிவுசெய்துகொண்டார். அதன்பிறகும் மாதந்தோறும் மணியார்டர் அனுப்பினார். ஊரில் நிலம் வாங்கினார். மூத்த மகளை அங்கேயே கட்டிக்கொடுத்தார். அவருடைய அண்ணன் 1943இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். பாடாங் திடலில் சுபாஷ் சந்திர போஸ் அணிவகுப்பைப் பார்வையிட்ட அந்த ஜூலை மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவை அவர்கள் கண்ணால் கண்டதே இல்லை. அந்த ராணுவத்துக்காக எஸ்பிளனேடில் 1995இல் நிறுவப்பட்ட நினைவுச்சின்னத்தின் முன் நாங்கள் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறோம். இங்கே வாழ்ந்துகொண்டு வேறொரு மண்ணுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்களை நாங்கள் மனம் பிளவுபட்டவர்கள் என்று சொல்வதில்லை, தியாகிகள் என்கிறோம்.

ஆனால் இந்த ஒப்பீட்டை நான் முழுவதும் நம்புவதில்லை. 1943இல் இங்கே விசுவாசம் காட்டுவதற்கு நமக்கென்று ஒரு நாடு இருக்கவில்லை. ஒரு பேரரசு போய் இன்னொரு பேரரசு வந்திருந்தது, அவ்வளவுதான். 1965 ஆகஸ்ட்டில் மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனித்து நின்றபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். 1967இல் தேசிய சேவை வந்தது அந்த நெருக்கடியில்தான். அதற்குப் பிறகு இங்கே வந்து வாழ்பவர் முன்னால் தெளிவான ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். தாத்தாவை நினைத்து அந்தப் பொறியாளரை மன்னிப்பது எனக்கு எளிதாக இருந்தது. எளிதாக இருந்ததனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம்.

என் மகனுடைய படைப்பிரிவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்த நிரந்தரவாசி இளைஞர்களும் இருந்தார்கள். மற்றவர்களைப் போலவே அவர்களும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைச் சுமந்தார்கள், மழையில் நனைந்தார்கள். அவர்களில் ஒருவன் சேவை முடிந்ததும் குடியுரிமை வாங்கிக்கொண்டான். இரட்டைக் குடியுரிமையை இந்தியாவும் ஏற்பதில்லை, சிங்கப்பூரும் ஏற்பதில்லை. ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்று. பாட்டியைப் பார்க்க இப்போது விசா எடுத்துக்கொண்டு போய்வருகிறான். அவனுக்குப் பாட்டி மேல் பாசம் குறைந்துவிட்டதாக அவன் வீட்டில் யாரும் சொல்லவில்லையாம். அந்தப் பொறியாளரிடம் இந்தப் பையனைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகன் போய்த் திரும்பியவன். அதைச் சொல்லும் என் வாயிலிருந்து அது ஆலோசனையாக வருமா, குத்தலாக வருமா என்று எனக்கு நிச்சயம் இல்லை.

மேலாளர் பதவிக்கு மதிப்பெண் அடிப்படையில் அவரே தேர்வானார். இன்னொரு விண்ணப்பதாரர் இங்கேயே பிறந்து வளர்ந்த மலாய் நண்பர். இருவருக்கும் இடையே வித்தியாசம் சிறியது. அந்த ஆண்டின் முக்கியமான திட்டப்பணி முடிவடையும் கட்டத்தில் மலாய் நண்பர், தேசிய சேவை முடித்தவர்களுக்கான ரிசர்விஸ்ட் பயிற்சிக்குப் போயிருந்தார். வேலையைப் பொறியாளர் ஏற்று, நன்றாகவும் முடித்துக்கொடுத்தார். இந்தப் பயிற்சிக்குப் போர்க்காலப் படைவீரர்களை ஆண்டுக்கு நாற்பது நாள் வரை அழைக்கலாம். பயிற்சி நாட்களின் சம்பளத்தை ஈடுசெய்யக் கோரும் விண்ணப்பங்களைக் கையாள்பவள் நான் என்பதால் யார் எப்போது போனார் என்பது எனக்கு மனப்பாடம். பயிற்சிக்குப் போனதற்காக ஒருவருக்கும் மதிப்பெண் குறைக்கப்படவில்லை. அவர் இல்லாத நாட்களில் வேலை வேறொருவரைத் தேடிப் போய், அவருடைய பெயரில் பதிவானது. இதில் யாரையும் குற்றம் சாட்ட முடியாது.

முடிவு வெளியான பிறகு அந்த மலாய் நண்பர் என்னைப் பார்க்க வந்தார். தாம் முகாமில் இருந்த நாட்களை யாராவது கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டார். அவை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்றேன். "எனக்கு ஆதரவாக?" என்றார். நான் பேசவில்லை. அப்போது அவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். தேசிய சேவையின் தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்கள் பலரை அழைக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்பது இங்கே எல்லாரும் அறிந்த வரலாறு. அவருடைய தந்தை கடிதத்துக்காகக் காத்திருந்தவர். சேவை முடித்தவர்களையே முதலாளிகள் விரும்பியதால், அழைப்பும் வராமல் நிலையான வேலையும் கிடைக்காமல் இளமையைக் கழித்தவர். மகனுக்கு அழைப்புக் கடிதம் வந்த அன்று அதை அவர் அண்டை வீட்டாருக்கெல்லாம் காட்டினாராம். இதைச் சொன்னபோது நண்பரின் குரலில் கோபம் இல்லை. நான் அறிந்திருந்த செய்தியை அவர் அறிந்திருந்தால் கோபம் வந்திருக்கும், அது நியாயமாகவும் இருந்திருக்கும்.

அன்றிரவு நான் வேறொன்றை யோசித்தேன். அந்தப் பொறியாளர் தமிழராக இல்லாமல், மணிலாவிலிருந்தோ யங்கூனிலிருந்தோ வந்தவராக இருந்திருந்தால் அவர் சொன்னதை நான் இப்படியே வெளியிடாமல் இருந்திருப்பேனா? இருந்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன். படிவத்தின் பொருட்டு ஊழியர் சொல்லும் குடும்பச் செய்தி வெளியே போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வேறு யாரும் அப்படியொரு செய்தியை என்னிடம் சொல்லியதே இல்லை. அவர் என்னை அக்கா என்று அழைத்ததால்தான் என் முன் அமர்ந்து மனத்தைத் திறந்தார். அதே காரணத்தால்தான் என் கண்டிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு நானும் கேட்டேன். மலாய் நண்பருக்கு அலுவலகத்தில் அப்படியோர் அக்கா இல்லை. நாட்டுக்கும் ஊருக்கும் இடையே அல்லாடுபவர் அந்தப் பொறியாளர் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், என் நாட்டவருக்கும் என் மொழிக்காரருக்கும் இடையே நின்றுகொண்டிருந்தேன். நடைமுறை சொன்னதும் மனம் சொன்னதும் அன்று ஒன்றாக இருந்தன. அவை வேறுபட்டிருந்தால் எதன் பக்கம் போயிருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் ஒரு மாற்றம் மட்டும் செய்ய முடிந்தது. பயிற்சிக்காலத்தில் கைமாறும் திட்டப்பணிகளில் அதுவரை உழைத்தவரின் பங்கைத் தனியே பதிவுசெய்யும்படி மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தக் கேட்டேன், நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. விசுவாசத்தை மட்டும் ஒரு காரணமாக அந்தப் படிவத்துக்குள் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதை அளக்கும் உரிமையை யாருக்காவது கொடுத்துவிட்டால், அதனால் முதலில் பாதிக்கப்படுபவர் இந்தப் பொறியாளரைப் போன்றவராக இருக்கமாட்டார். கடிதத்துக்காகக் காத்திருந்த அந்தத் தந்தையைப் போன்றவராகவே இருப்பார். என் நிலைப்பாட்டுக்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியாது. ஆனால் மலாய் நண்பர் எதிரே அமர்ந்திருந்தபோது இதை நான் சொல்லவில்லை. அவர் பகிர்ந்துகொண்ட தந்தையின் வேதனையையே எடுத்து, நான் யாரைக் காக்கிறேன் என்பதைச் சொல்லாமல், அவரிடமே வாதமாக வைப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.